முதல் டிகாக்ஷன் யாருக்கு?

உங்கள் வீட்டில் காப்பியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? கூடத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்றைக்குத் தூள் மாறிவிட்டதோ?" என்று கேட்கிறாரே, அவருக்குத்தானே? கலந்து கொடுத்தவளை யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஆன பிறகு, ஃபில்டரில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கிய இரண்டாம் டிகாக்ஷன்தான் அவள் பங்கு. அதற்கு அபிப்பிராயம் ஒரு கேடா!

மேல்நாட்டில் ஒயின் ரசிகர்கள் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, நாலைந்து புட்டிகளின் லேபிளை மறைத்து வைத்து, ஒவ்வொன்றாக ருசி பார்த்து, தோன்றியதைச் சொல்லிக்கொள்வார்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லுமாம். 1976-ல் பாரிஸில் இப்படி ஒரு பரீட்சை நடந்தது. மார்க் போட்டவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். சொந்த தேசத்துச் சரக்கை விட்டுக் கொடுப்பார்களா? ஆனால் கூட்டிப் பார்த்தபோது வெள்ளை, சிவப்பு இரண்டிலும் கலிபோர்னியா ஒயினுக்கே முதலிடம்!

நமக்கு ஒயின் எதற்கு? காப்பி இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். பிளாண்டேஷன் ஏ, பீபரி, ரோபஸ்டா மூன்றிலும் நூறு நூறு கிராம் வறுத்து அரைத்து வாங்கினேன். நாலாவது, வழக்கமாக வாங்கும் சிக்கரித் தூள். ஃபில்டர் எங்களிடம் இரண்டு. அண்டை வீடுகளில் இரண்டு இரவல். தூளும் தண்ணீரும் ஒரே அளவு. தம்ளர்களின் அடியில் சீட்டு ஒட்டுவது என் பெண்ணின் வேலை.

டிகாக்ஷனில் வெந்நீர் மட்டும் விளாவிக் கொடுத்தேன். "பால் இல்லாமலா!" என்று மாமனார் அலறினார். பாலும் சர்க்கரையும் எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும் என்று சமாதானம் சொன்னேன். ரோபஸ்டாவை வாயில் வைத்ததும், "கஷாயம்" என்றார். அரபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உள்ள ஜாதி அது, கசப்புக்குக் கேட்பானேன்?

என் மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றார். "எனக்கு என்னம்மா தெரியும்? மிச்சத்தைக் குடிக்கிறவள் நான்" என்றார். வலுக்கட்டாயமாக உட்கார வைத்து, முதல் தம்ளரை அவர் கையில் கொடுத்தேன். உடனே குடிக்கவில்லை. முகர்ந்தார், ஆற வைத்தார். காப்பி ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இப்படித்தான் செய்வார்கள். சூடு தணியத் தணியத்தான் புளிப்பும் குறையும் வெளியே தெரியும். இவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"இதிலே நாரத்தங்காய்த் தோல் வாசனை" என்றார். சீட்டைப் பார்த்தால் பிளாண்டேஷன் ஏ! அடுத்தது, "கடலை வறுத்து இறக்கின மணம். கொட்டை உருண்டையோ?" பீபரியேதான். காப்பிப் பழத்தில் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று அழுத்தித் தட்டையாக இருக்கும். ஒன்றே ஒன்று விளைந்தால் அது உருண்டையாகிவிடும், அதுதான் பீபரி. கடைசித் தம்ளரில் ஒரே வாய். "மூணிலே ஒரு பங்கு வேர்" என்று கீழே வைத்துவிட்டார். சிக்கரி ஒரு செடியின் வேர்தானே. கறுப்பும் கெட்டியும் தரும், காஃபீன் கிடையாது. பொட்டலத்தில் பொடி எழுத்தில் நாற்பது சதவிகிதம் என்று போட்டிருந்தது. சட்டம் நாற்பத்தொன்பது வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுப் பொட்டலத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

வழக்கமான தூளைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று வருஷக் கணக்காகச் சொல்லிவந்த மாமனார், அன்று முதல் மார்க் போட்டது பீபரிக்கு. சீட்டு மாறிப் போயிருக்கிறது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மாமியார் கல்யாணமாகி கும்பகோணம் வந்த புதிதில், பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயேதான் வறுப்பார்களாம். கரி அடுப்பின் மேல் இரும்பு உருளையைச் சுற்றுவது புது மாட்டுப்பெண்ணின் வேலை. புகையின் மணத்தைக் கொண்டே இறக்கும் பதம் தெரிந்துவிடுமாம். பிறகு அரைத்த தூள் வாங்கும் வழக்கம் வந்தது. உருளை பரணுக்குப் போயிற்று. நாற்பது வருஷமாக அந்த மூக்கை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

போன வாரம் அலுவலக வேலையாகச் சேலத்துக்குப் புறப்பட்டேன். பெட்டியை மூடும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏற்காடு பக்கத்திலேதானே? அங்கே விளைகிறது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். அரைக் கிலோ வாங்கி வா. தூளாக வேண்டாம், பச்சைக் கொட்டையாகவே வாங்கு. வறுக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்."