பூட்டும் பிரிவும்

களரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஒருத்தன் கழுத்தப் பிடிச்சா என்ன செய்யணும், ஆசானே?" நியாயமான கேள்வி. முதலில் கால் வைக்கப் பழகு என்றால் முகம் வாடிவிடும். 2020இல் எங்கள் அடிமுறைக் கலையைக் காட்டிய 'பட்டாஸ்' படம் வந்த பிறகு அதைக் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் காலடி வைக்கும் அதே சுவடுதான், அதே மண்தான்.

எங்கள் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் களரி பெரும்பாலும் தென்னந்தோப்பு. வட கேரளத்தில் குழி வெட்டி, கூரை போட்டுக் களரி அமைப்பார்கள். அங்கே மெய்ப்பயிற்சியும் கம்பும் ஆயுதமும் கழிந்து கடைசியில்தான் வெறுங்கை வரும். எங்களுக்கு வெறுங்கைதான் தொடக்கம். ஒற்றைச்சுவடு கொஞ்சம் படிந்ததுமே எதிரே ஆளை நிறுத்திவிடுவார்கள். தோப்புத் தரையில் வேர் இருக்கும், மட்டை கிடக்கும், மழை பெய்தால் வழுக்கும். நாலு மாதம் அங்கே சுவடு வைத்த கால், பார்க்காமலே தரையைத் தேடிக்கொள்ளும். தெருவில் ஒருவன் மேலே வந்து விழும்போது குனிந்து தரை பார்க்க நேரம் கிடைக்காது.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவனிடமிருந்து நேராகப் பின்னால் போகக்கூடாது. புதியவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அவன் முன்னால் ஓடுகிற வேகத்துக்கு நாம் பின்னால் ஓட முடியாது. இரண்டாவது எட்டில் சுவரில் முட்டுவோம், அல்லது மல்லாந்து விழுவோம். சாய்வாக ஒரு சுவடு, அவன் தோளுக்கு வெளியே. அந்த ஒரு சுவட்டில் அவனுடைய இன்னொரு கை நம்மை எட்டாமல் போகிறது. அடியும் தடையும் பழகும் அடிதடையில் கை செய்யும் வேலை அதன் பிறகுதான்.

என் ஆசான் பேச்சுக் குறைந்தவர். என் மணிக்கட்டை அவர் பிடித்தால் இறுக்கமே தெரியாது. ஆனால் நான் நினைக்கும் பக்கமெல்லாம் அந்தக் கை முன்னாலேயே போய் நிற்கும். பனையேறிக் காய்த்த விரல்கள். நான் இழுத்துப் பார்ப்பேன், உதறிப் பார்ப்பேன். "இழுக்காதே மக்களே. அவன் கையில வாசல் எங்க இருக்கு, பாரு" என்பார். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். பிடி திறப்பது கட்டைவிரல் பக்கம். இதை நூறு பேர் சொல்லிக் கொடுப்பார்கள். அவர் சொல்லிக் கொடுத்தது மீதி பாதியை: கையை அவனிடமிருந்து பிடுங்காதே, உன் முழங்கையை அவன் கையை நோக்கிக் கொண்டுபோ, கூடவே காலையும் வை. தோள்பலத்தால் பிடுங்கினால் பலசாலியிடம் தோற்போம். உடம்பு முழுக்க ஒரு சுவடு நகர்ந்தால், மெலிந்த பெண்பிள்ளையும் தடித்த கையிலிருந்து வெளியே வருவாள். வந்திருக்கிறார்கள், என் கண்முன்னே.

தலைமுடியைப் பிடித்தால் பிடித்தவன் கையை விலக்கப் பார்ப்பது இயல்பு. அது வலியைத்தான் கூட்டும். அந்தக் கையை இரண்டு உள்ளங்கையாலும் நம் தலையோடு சேர்த்து அமர்த்த வேண்டும். இழுப்பு நின்றுவிடும். பிறகு திரும்பலாம். முன்னாலிருந்து கழுத்தை நெரித்தால் தாடையை நெஞ்சோடு தாழ்த்து, தோளைத் தூக்கு, ஒரு கையை உயர்த்தி உடம்போடு திரும்பு. அவன் இரண்டு கையும் நம் அக்குளுக்கு அடியில் மாட்டும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் உடனே அமர வேண்டும். தூக்கிவிட்டானென்றால் சுவடு போயிற்று. இவை எல்லாவற்றிலும் வாய் திறந்து சத்தம் போட வேண்டும். சத்தம் போட்டால் மூச்சு அடைபடாது, நாலு பேர் திரும்பியும் பார்ப்பார்கள்.

பூட்டு கற்பதில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். எதிரியின் முழங்கையையோ மணிக்கட்டையோ மடக்கி நிறுத்துவது பார்க்க அழகு. என் ஆசான் ஒவ்வொரு பூட்டுக்கும் முன்னால் அதன் பிரிவைத்தான் சொல்லிக் கொடுப்பார். கழன்று வரத் தெரிந்தவனுக்குத்தான் பூட்டப் பழக்குவார். அதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது நானும் அப்படியே செய்கிறேன். இரண்டாவது ஆள் வந்துவிட்டால், முதலாமவனைப் பூட்டிக்கொண்டு நிற்கிறவனும் பூட்டில்தான் நிற்கிறான்.

வர்மம் கேட்டும் வருகிறார்கள். நூற்றெட்டு வர்மம், அதில் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று கணக்கு ஒப்பிப்பார்கள். ஆசான்மார், வர்மம் பட்டவனை மீட்கும் அடங்கலும் இளக்குமுறையும் கையில் வந்த பிறகே இடம் காட்டினார்கள். இறக்கத் தெரியாதவன் ஏற்றக்கூடாது. அதோடு ஒன்று சொல்ல வேண்டும். இருட்டில், வியர்வை வழுக்க, சட்டைக்கு மேலே, ஓடுகிற உடம்பில் விரலளவு இடம் தேடுவது ஆசானுக்கே பாடு. படிக்கிறவன் முழங்கையையும் காலையும் நம்பட்டும்.

குறுவடி வேறு விஷயம். மூன்று சாண் நீளம், நல்ல புளியங்கம்பு. நிழலில் ஆறப்போட்டு, நல்லெண்ணெய் பூசி, பிடிக்கிற கை அளவுக்கு இழைக்க வேண்டும். பச்சைக்கம்பு அடிவாங்கினால் பிளந்து கையைக் கிழிக்கும். வடி பழகியவன் கையில் குடையும் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டும்கூட வேலை செய்யும்.

கத்தியைப் பற்றி மட்டும் நான் யாருக்கும் தைரியம் சொல்வதில்லை. களரியில் கத்தியைத் தட்டுகிறோம், பிடுங்குகிறோம், பல வருடம் பழகுகிறோம். ஆனாலும் வழி இருந்தால் ஓடு. வழி இல்லையென்றால் கையில் கிடைத்ததை எறி, இடையில் மேசையோ சைக்கிளோ போடு. வெறுங்கையால் போவது வேறு எதுவுமே இல்லாதபோதுதான், அப்போதும் கத்தி பிடித்த கையை இரண்டு கையாலும் பிடி, விடாதே.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அதில் இடமில்லை. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். விழுந்தவனை மிதிக்க வேண்டாம். விலகிப்போய்ப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

படிக்க வருகிறவர்களுக்குக் கூட்டாளி முக்கியம். பிடிக்கச் சொன்னால் தொட்டுவைக்கிறவனோடு பழகினால் ஒன்றும் வராது. முறித்துவிடுகிறவனோடு பழகினால் தைலத்துக்குத்தான் செலவு. தட்டியதும் விடுகிற, தட்டும்வரை விடாத ஒருவன் வேண்டும். அவனோடு மெதுவாகச் செய்யுங்கள், பிறகு அவன் எந்தப் பிடி போடப்போகிறான் என்று சொல்லாமல் செய்யுங்கள். உயரமானவன், குட்டையானவன், இடக்கைக்காரன் என்று ஆள் மாற்றுங்கள். கச்சை கட்டி மட்டும் பழகாமல், செருப்போடும் சேலையோடும் தோளில் பையோடும் வாரத்தில் ஒரு பொழுதாவது சுவடு வையுங்கள்.