உரிய இடம்

நூலகத்தில் ஒரு நூலைத் தவறான அடுக்கில் வைத்துவிட்டால், அஃது அங்கேயே இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. களவு போன நூலுக்கும் இடம் மாறிய நூலுக்கும் தேடி வந்தவன் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆதலின், நூல்களைச் சேர்ப்பதோடு அவற்றைப் பொருள்வழி வகுத்து வைப்பதும் நூலகரின் தலையாய கடமையாயிற்று. நான்கு சுவர்களுக்குள் அடங்கிய நூலகத்திற்கே இந்நெறி வேண்டும் என்றால், சுவரே இல்லாத இணையத்திற்கு எந்நெறி வேண்டும்?

1990களின் இடைப்பகுதியில் இவ்வினா உலக நூலகர்களின் முன் எழுந்தது. வலைப்பக்கங்கள் மழைக்கால ஈசலெனப் பெருகின. ஆழ்ந்த ஆய்வுரையும் அங்காடி விளம்பரமும் அருகருகே நின்றன. இவற்றுள் நெல் எது, பதர் எது எனப் பிரித்துக் காட்ட நூலகர்கள் முன்வந்தனர். 1994இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலுக்கென ஒரு பொருள்வாயில் தொடங்கப்பெற்றது. மருத்துவத்திற்கு நாட்டிங்காமிலும், பொறியியலுக்கு எடின்பரோவிலும் வாயில்கள் எழுந்தன. செருமனியின் கோட்டிங்கன் நகரமும், நெதர்லாந்தின் தேசிய நூலகமும் தத்தம் வாயில்களை அமைத்தன.

இவ்வாயில்களில் காவல் நின்றவை பொறிகள் அல்ல, மனிதர்களே. துறை அறிந்த ஒருவர் ஒவ்வொரு வலைத்தளத்தையும் படித்துப் பார்ப்பார். எழுதியவர் யார், கூற்று நம்பத்தக்கதா, காலத்திற்கேற்பத் திருத்தப்படுகிறதா என ஆராய்வார். தேறியவற்றிற்கு மட்டும் சிறு விளக்கம் எழுதி, பொருட்பெயரும் வகுப்பெண்ணும் இடுவார். பொறுமையும் புலமையும் ஒருங்கே வேண்டும் பணி அது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. ஒரு நாட்டார் செய்த பணியையே மற்றொரு நாட்டாரும் செய்துகொண்டிருந்தனர். மேலும், ஒருவர் படியால் அளக்க, இன்னொருவர் மரக்காலால் அளந்ததைப் போல ஒவ்வொரு வாயிலும் தனக்கென ஒரு பகுப்புமுறையைக் கையாண்டது. இக்குறை களையவே, 2000 முதல் 2002 வரை ஐரோப்பிய நாடுகள் சில கூடி 'ரெனார்டஸ்' என்னும் திட்டத்தை நடத்தின. எவரும் தம் முறையைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால், தம் வகுப்புகளை 1876இல் அமெரிக்கர் மெல்வில் டூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பின் எண்களோடு பொருத்திக் காட்டல் வேண்டும். இவ்வாறு, கணிதத்திற்குரிய 510 என்னும் எண்ணை நாடுபவர் பல நாட்டு வாயில்களிலும் உள்ள கணிதச் செல்வத்தை ஓரிடத்தில் நின்றே காண வழி பிறந்தது.

இதற்கு முன்னரே, 1995 மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் நூலகர்களும் கணினி வல்லுநரும் கூடினர். இணையத்திலுள்ள எப்படைப்பையும் விவரிக்கச் சில பொதுக்கூறுகள் போதும் என்பது அவர்தம் எண்ணம். தலைப்பு, படைத்தவர், பொருள், நாள், மொழி முதலிய 15 கூறுகளாக அது பின்னர் உருப்பெற்றது. 2003இல் அனைத்துலகத் தர நிருணயமாகவும் ஏற்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது யாது? தேடுபொறிகள் வலுப்பெற்றன. ஒரு சொல்லை இட்டால் நொடியில் பல்லாயிரம் விடைகள் வந்து குவிந்தன. மனிதர் படித்துத் தெரிந்தெடுக்கும் பணிக்குப் பொருளுதவி சுருங்கியது. பிரிட்டனின் வாயில்கள் 2006இல் 'இன்டியூட்' என்ற பெயரில் ஒன்றாயின. 2011 சூலைக்குப் பின் அதுவும் புதுப்பிக்கப்படவில்லை. வணிக உலகில் புகழ்பெற்ற யாகூவின் பொருளடைவும் 2014 இறுதியில் மூடப்பட்டது.

அத்துணை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீரோ? அன்று. தனி நிறுவனம் கட்டியது அதன் பணப்பையோடு மறைந்தது. பலர் கூடி உடன்பட்டது நிலைத்தது. அந்த 15 கூறுகள் இன்றும் மின்னூலகங்கள் பலவற்றிற்கு அடித்தளமாக உள்ளன. கூட்டுறவின் வலிமை இதுவே.

ஆனால், பொது அளவுகோல் ஒன்றை ஏற்கும்போது, அதை வகுத்தவர் எங்கே நின்று வகுத்தார் என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டூயியின் பகுப்பில் ஆங்கில இலக்கியத்திற்கு உரிய எண் 820. ஈராயிரம் ஆண்டு மரபுடைய தமிழிலக்கியத்திற்கோ 894.811! மேலை மொழிகளுக்கு முன்றில் முழுவதையும் அளித்தபின், எஞ்சிய மொழிகள் அனைத்தும் 890 என்னும் ஒரே அறைக்குள் புகுந்தன. இது பகைமையன்று, அவர் கண்முன் இருந்த அடுக்குகள் அத்தகையன.

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பில் ஆங்கிலத்தின் குறியீடு 111; தமிழின் குறியீடு 31. நிற்கும் இடம் மாறியதும் தொலைவும் மாறிவிட்டது! ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, இடமும் காலமும் சேர்த்துக் கோத்த அவரது முறை, இணையப் பட்டியல்களை வடிவமைப்போருக்கு இன்றும் துணைநிற்கிறது. உலகக் கூட்டுறவில் தமிழர் இரவலர் மட்டும் அல்லர். ஈந்தவரும் ஆவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்த ஈகை தொடர வேண்டும். 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பல, தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னுருப் பெற்றன. இத்தகைய முயற்சிகள் வளர வளர, பொருட்பெயர் இடும் பணியும் வளரும். பால்மரம் சீவியவர் வாழ்வைச் சொல்லும் ஒரு நாவலைத் 'தமிழ்ப் புனைகதை' என்று மட்டும் பதிந்தால், தோட்ட வாழ்வை ஆராயும் மாணவன் கண்ணுக்கு அது புலப்படாது. 'தோட்டத் தொழிலாளர்' என்னும் பொருட்பெயரை யாரேனும் ஒருவர் படித்தறிந்து இடுதல் வேண்டும். அந்நூலின் மொழியும் மண்ணும் அறிந்தவரன்றி வேறு யார் அதைச் செய்வார்? தமிழாசிரியர்களும் அவர்தம் மாணவர்களும் உலக நூலகப் பணிக்கு அளிக்கத்தக்க கொடை, அவ்வொரு சொல்லே.