எந்தக் கடையில், எந்த வாங்கில்?

கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய எமதூர் மாணவர் ஒருவர், பயணப்படுமுன் எம்மிடம் வந்து, "மாஸ்ரர், கொழும்பிலே எந்தக் கடையிலே நல்ல சாப்பாடு கிடைக்கும்?" என்று கேட்டார். கேள்வி சிறியது. வயிற்றைப் பற்றியது என்று எண்ணி உடனே விடையும் கூறத் தொடங்கினோம். கூறிக்கொண்டிருக்கும்போதே, கரவெட்டியிலே பிறந்த எவனும் இக்கேள்விக்கு இத்துணை எளிதாக விடை சொல்லித் தப்பிவிட முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

முதலில் சொன்னவை இவை. இடியப்பமும் சொதியும் வேண்டுமாயின் வெள்ளவத்தைக்குப் போகலாம். தோசைக்குச் செட்டியார் தெருச் சைவக் கடைகள் உண்டு. மாலை வேளையில் காலிமுகத்திடலிலே கடற்காற்றோடு இறால் வடை தின்னலாம். கொம்பனித்தெருவிலே மலாய் மக்களின் உணவைச் சுவைக்கலாம். ஒல்லாந்தக் கொம்பனி ஆண்ட காலத்திலே யாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்தக் கொம்பனியின் பெயரைத் தெரு இன்றும் சுமக்கின்றது. பறங்கியர் வீடுகளிலே பிறந்த லம்ப்ரைஸ் என்னும் பொதிச்சோற்றையும் ஒருமுறை உண்டு பார்க்க வேண்டும். ஒல்லாந்தரின் இறைச்சி உருண்டை, மலாயரின் இறால் சம்பல், இந்நாட்டின் கத்தரிக்காய்க் கறி ஆகிய மூன்றும் ஒரே வாழையிலையில் ஒன்றாய் அவியும் விந்தை அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் ஆகிய எல்லாருடைய அடுப்பும் எரியும் நகரம் கொழும்பு.

எனினும், அந்நகரம் எமக்கு முதன்முதல் ஊட்டியது சுவையன்று, வெட்கம்.

1960களின் தொடக்கத்திலே நெல்லியடிச் சந்தித் தேநீர்க்கடையொன்றை இன்றைய மாணவர் கற்பனை செய்து பார்க்கட்டும். உள்ளே மேசையும் வாங்கும். அங்கே வேளாளர் முதலிய 'உயர்ந்தோர்' இருந்து பளிங்குக் கிளாசிலே தேநீர் அருந்துவர். வெளியே, தாழ்வாரத்துக்கு அப்பால், கள்ளிறக்குவோரும் வயலில் உழைப்போரும் நிலத்திலே குந்தியிருப்பர். அவர்களுக்குத் தேநீர் போத்தலிலே, அல்லது தகரப்பேணியிலே வரும். தேயிலை ஒன்று, கொதிநீர் ஒன்று, காசும் ஒன்று. பாத்திரம் மட்டும் வேறு! குடித்த பேணியைக் குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நாம் நல்லவராகிவிட முடியாது. எமது வீட்டு வேலிப்பக்கத்திலும் ஒரு சிரட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது யாருக்கென்று நாம் கேட்டதில்லை. சிலவற்றைக் கேளாதிருக்கவே நாம் வளர்க்கப்பட்டோம். இத்தனைக்கும், சைவப்பெரியார் சூரன் அவர்கள் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காகத் தேவரையாளியிலே பள்ளி தொடங்கியது 1914இல்! அறிவு வேலிக்கப்பால் ஐம்பது ஆண்டுகளாக விளக்கேற்றிக்கொண்டிருந்தது. வேலிக்கிப்பால் நாம் சிரட்டையைக் காவல் காத்தோம்.

1964இல் நாம் கொழும்பிலே மாணவர். புறக்கோட்டையில் ஒரு சோற்றுக்கடை, நண்பகல் நெரிசல். இடம் தேடி ஒரு வாங்கிலே அமர்ந்து நிமிர்ந்தபோது, எதிர் வாங்கிலே எமதூரவர் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எமது காணியிலே பனையேறியவர். அப்பொழுது துறைமுகத்திலே நாட்கூலியாக இருந்தார். எம்மைக் கண்டதும் பிசைந்த கை நின்றது. "நயினார்..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பாதி உண்ட இலையை விட்டு எழும்ப முயன்றார்.

"இருங்கோ" என்று நாம் சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். அதனை நாம் சொன்னோம். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு கணம் தாமதித்தோம். அந்த ஒரு கணத்திலே, படித்த நூல்களெல்லாம் ஒரு பக்கமும் வேலியோரச் சிரட்டை மறுபக்கமுமாக நின்றன. அவர் அதனைக் கண்டார். பின்பு அமர்ந்து, தலைநிமிராமல் உண்டு முடித்து, தம் சோற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு, "வாறன் தம்பி" என்று சொல்லிப் போனார். அவர் எம்மைத் தம்பியென்றது அதுவே முதல் முறை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவ்வாண்டு விடுமுறையிலே நெல்லியடிக் கடையினுள் நாம் இருந்தோம். அவரும் ஊருக்கு வந்திருந்தார். வெளியே, நிலத்திலே, கையிலே போத்தல். நாம் எழுந்து வெளியே போகவில்லை. அவரை உள்ளே அழைக்கவும் இல்லை. எமது கிளாஸ் தேநீரை முழுவதும் குடித்து முடித்தோம்.

இவ்வளவும் நடந்தபோது சட்டம் இல்லாமலில்லை. சாதியைக் காட்டி உணவுச்சாலையிலும் பாடசாலையிலும் கோயிலிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி மக்கள் பொதுவுடைமையாளரான தோழர் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னர், 1920களிலே, வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள் சமபந்திப் போசனம் நடத்திக் காட்டினர். பள்ளிகளிலே சம ஆசனம் என்ற விதி வந்தபோது, அதனைப் பொறாதோர் பள்ளிக் கொட்டில்களுக்கே தீ வைத்தனர்.

ஆகவே, போத்தலை உடைத்தது சட்டப் புத்தகமன்று. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்தவர்களும், 1967இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் பின் திரண்டவர்களும், ஊர் ஊராகக் கடைகளுக்குள் நுழைந்து வாங்கிலே அமர்ந்தவர்களுமே அதனை உடைத்தனர். சிலர் உயிரையும் கொடுத்தனர். 1960 பெப்ரவரியிலே அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரிலே, வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர் அமர்ந்து எழும்ப மறுத்ததை நாம் படித்து மெய்சிலிர்த்தோம். அதே காட்சி நெல்லியடியிலே நிகழவேண்டியிருந்தபோது, மாணவராகிய நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

புறக்கோட்டையிலே கிடைத்த வாங்கு நெல்லியடியிலே ஏன் கிடைக்கவில்லை? நகரத்தார் நம்மினும் நல்லவர் என்பதனாலன்று. அங்கே கடைக்காரனுக்கு வந்தவன் யார் மகன் என்று தெரியாது; தெரிந்துகொள்ளத் தேவையுமில்லை. அவனுக்கு வேண்டியது காசு. ஊரிலோ காணியும் கிணறும் கோயிலும் ஒரு கையிலே இருந்தன. அந்தக் கைதான் போத்தலையும் நீட்டியது. நிலவுடைமை சாதியைக் கேட்டது. நகரத்துப் பணம் சாதியைக் கேட்கவில்லை. ஆனால் அது விலையைக் கேட்கும்! இன்று கொழும்பின் உயர்ந்த உணவுச்சாலைகளிலே ஒருவேளை உண்பதற்குக் கொடுக்கும் தொகையை, அவ்விலையைக் கண்டு வாசலிலேயே திரும்பும் கூலியாளிடம் கேட்டுப் பாருங்கள். அவரைத் தடுக்க அங்கே போத்தல் வேண்டியதில்லை.

நகரத்துச் சமத்துவத்துக்கு வேரும் ஆழமில்லை. 1983 யூலையிலே, எல்லாருக்கும் சோறிட்ட அதே கொழும்பிலே, தமிழரின் கடைகள் தேடித் தேடி எரிக்கப்பட்டன. ஒரே மேசையில் உண்பதனால் மட்டும் மனிதர் உறவினராகிவிடுவதில்லை என்பதை அத்தீ எமக்குச் சொன்னது. உடன் உண்டவர்கள் உடன் நின்று போராடவும் வேண்டும்.

இன்று நெல்லியடியிலே போத்தலும் இல்லை, தகரப்பேணியும் இல்லை. எவரும் எந்தக் கடையிலும் இருந்து உண்கின்றனர். ஆயினும், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கை நனைப்பது என்ற கணக்கு முற்றாக அழிந்துவிட்டதென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எம்மால் இயலவில்லை. கடையின் கதவு திறந்துவிட்டது. வீட்டின் படலை இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

அந்த மாணவருக்கு நாம் இறுதியாகச் சொன்னது இதுதான்: "தம்பி, கடையின் பெயரைக் கேட்டீர். எங்கேயாவது உண்ணும். ஆனால் உண்ணும்போது எச்சில் இலை எடுப்பவர் எங்கே உண்கிறார் என்று ஒருமுறை பாரும். எதிர் வாங்கிலே எவராவது உம்மைக் கண்டு எழும்ப முயன்றால், 'இருங்கோ' என்று உடனே சொல்லும். விடுமுறையில் ஊருக்கு வந்தபின்பு அவரது வீட்டிலே போய் ஒருவாய் தண்ணீர் வாங்கிக் குடியும்."

அந்தப் பெரியவர் இன்றில்லை. அவருடைய வீட்டிலே நாம் முதன்முதல் தண்ணீர் குடித்தது அவருடைய செத்தவீட்டன்றுதான்.