கழுத்துப் பிறையில் முளைத்த பலாமரம்

ஒரு ஜாக்கெட் வெட்டினால் என்ன மிஞ்சும் என்பது தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். முன்கழுத்தில் ஒரு சின்னப் பிறை, பின்கழுத்தில் இன்னும் ஆழமான பிறை, கைக்குழிப் பக்கம் வால் நீண்ட முக்கோணம், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நாடா மாதிரி ஒரு துண்டு. பெரும்பாலான கடைகளில் சாயங்காலம் பெருக்கும்போது இவையெல்லாம் குப்பையோடு போய்விடும். மிஞ்சினால் மெஷின் துடைக்க ஆகும். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் கால் மெஷின் போட்டிருக்கும் அக்கா ஒருவர், இந்தத் துண்டுகளை நிறம் பிரித்து அரிசிப் பைகளில் சேர்த்து வைத்திருக்கிறார். பச்சைக்கு ஒரு பை, நீலத்துக்கு ஒன்று, மஞ்சளும் காவியும் சேர்ந்து ஒன்று. சிவப்பு மட்டும் தனியாக, மூலையில், வாய் கட்டியபடி இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அவர் தைத்து முடித்த போர்வையைக் கயிற்றுக் கட்டிலில் விரித்துக் காட்டினார். நடுவில் ஒரு பலாமரம். கொல்லிமலையில் பலாவுக்குப் பஞ்சமில்லை, அதனால் மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இலைகளைக் கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். இரண்டு கழுத்துப் பிறைகளை எதிரெதிராக வைத்துத் தைத்தால் ஓர் இலை. நடுத்தையலே நரம்பு. பின்கழுத்துத் துண்டு முற்றிய இலைக்கு, முன்கழுத்துத் துண்டு கொழுந்துக்கு. இலைக்கென்று அவர் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. அந்த மரத்தில் இருந்ததெல்லாம் ஊர்ப் பெண்களின் கழுத்தளவு.

“யாரு யாரு ஜாக்கெட்டுன்னு சொல்லுவீங்களா அக்கா?” என்றேன். விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இது டீச்சரம்மா, இது மேல்வீட்டுப் பொண்ணு நிச்சயத்துக்கு, இது என் நாத்தனார்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஊர் இது. கடல்மட்டத்துக்கு மேல் 1000 மீட்டரைத் தாண்டிய மலை. மார்கழி, தையில் ராத்திரிக்கு ஒற்றைப் போர்வை போதாது. ஆகவே அழகு அப்புறம், கனம் முதலில். அடியில் பழைய நூல் புடவை, நடுவில் இன்னும் இரண்டு மடிப்பு, அதற்கு மேல்தான் ஒட்டு வேலை. உள்ளே இலவம் பஞ்சு வைக்கலாமே என்று கேட்டேன். துவைத்தால் பஞ்சு உருண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும் என்றார். புடவை அடுக்கு அப்படி நகராது. அதிலும் எல்லாப் புடவையும் ஆகாது. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். இழை விலகி வானம் தெரிந்தால் அந்த இடத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். புடவை உட்காரும் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும், கரையை ஒட்டிய பகுதி பல வருஷம் தாங்கும். இதெல்லாம் எந்தத் தையல் வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

சிவப்புப் பைக்கு வருகிறேன். அவர் தைத்த முதல் போர்வையில் அடர்சிவப்பு டூ-பை-டூ துண்டுகள் நிறைய இருந்தனவாம். தரை வெளிர்மஞ்சள். மாதக்கணக்கில் ராத்திரி வேலை. முதல் துவையலிலேயே சாயம் இறங்கி, பாதிப் போர்வை முழுக்கத் திட்டுத் திட்டாக ரோஸ் நிறம். இரண்டு நாள் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்லும்போது இப்போதும் அவர் குரல் இறங்குகிறது. பிறகு உட்கார்ந்து, திட்டு விழுந்த இடத்திலெல்லாம் ஓர் இலை வைத்துத் தைத்தார். மரத்தைச் சுற்றிச் சருகு உதிர்ந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் போர்வையைத்தான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்களாம். அதை விற்காமல் மகளுக்கு வைத்திருக்கிறார். அன்றிலிருந்து எந்தச் சிவப்பும் சோதனை இல்லாமல் உள்ளே வருவதில்லை. ஈரமான வெள்ளைத் துணியை மேலே போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டு மூலைப் பைக்கு.

சாயம் ஒன்றுதான் தொந்தரவு என்றில்லை. கழுத்துத் துண்டுகள் வளைவாக வெட்டியவை என்பதால் ஓரமெல்லாம் கிராஸில் இருக்கும், இழுத்தால் நீளும். நேராக மெஷினில் கொடுத்தால் ஓரம் அலை அலையாக எழுந்து நிற்கும். அதனால் முதலில் கையால் லேசாக ஓட்டுத்தையல் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். நான்கு மடிப்பு சேரும் இடத்தில் 16-ம் நம்பர் ஊசி முறியும். 18 போட்டால் மெல்லிய துணியில் ஓட்டை விழும். அடியில் பாபின் நூல் சுருண்டு குருவிக்கூடு கட்டும், அது தெரியாமல் முக்கால் கெஜம் ஓட்டியபின் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தபோதே அப்படி ஆயிற்று. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. பிளேடை எடுத்து, மூன்று தையலுக்கு ஒரு தையல் வெட்டி, நூலின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். முழு வரிசையும் துணிக்குக் காயமில்லாமல் கழன்று வந்தது. பிரிப்பதிலும் இவ்வளவு கைத்திறம் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பழந்துணியை அடுக்கித் தைப்பது பல ஊர்ப் பெண்களின் கலை. வங்காளத்தின் காந்தா எல்லோருக்கும் தெரியும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவுதி என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை முழுமையானதாகாது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களாகத் தொங்கின. 2006-ல் அவை தபால்தலையிலும் ஏறின. நம்மிடமும் துணிமேல் துணி வெட்டித் தைக்கும் கலை உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். ஆனால் அது கோயிலுக்கு, இது படுக்கைக்கு. படுக்கைக்குப் போனதாலேயே இதை யாரும் கலையென்று எண்ணவில்லை என்று எனக்குப் படுகிறது.

கொல்லிமலைக்கு வடக்கே, தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் மலைமக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கிய இடம் அது. அங்கிருக்கும் லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தண்டாக்களில் பூத்தையல் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. உடை மாறியதும் ஊசியும் ஓய்ந்துவிட்டது. தையல் மறக்காத முதிய பெண்கள் மிகச் சிலரே இருந்தார்கள். அவர்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ‘போர்கை’ என்ற பெயரில் ஒரு கைவினைச் சங்கமாகவே திரண்டார்கள். இன்று அவர்கள் ஊசி பட்ட புடவையும் மெத்தை விரிப்பும் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போகின்றன. வேலைக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் பெண்களே என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம்.

செம்மேட்டு அக்காவுக்குப் பாட்டி வழியில் வந்த கலை எதுவுமில்லை. தையல் வகுப்பும் ஜாக்கெட் தைத்த வருஷங்களும்தான் அவர் முதல். அதனால் மதிப்பு குறைந்துவிடாது. நாளெல்லாம் அளவு ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழுத்து இறக்கம் முதல் கைநீளம் வரை பிறர் சொன்னபடி தைப்பவர் அவர். அரை இஞ்ச் கூடினால் திரும்பி வரும். இந்தப் போர்வையில் மட்டும் எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்த நீலம் என்பதை அவரே முடிவு செய்கிறார். “இதுல யாரும் வந்து டைட்டா இருக்குன்னு சொல்ல முடியாதுங்கல்ல!” என்று சிரித்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்த விலைக்கும் குறைத்துக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் கேட்கிறார்கள். பழந்துணிதானே, ஓசியில் வந்ததுதானே என்று பேரம் பேசுகிறார்கள். நூலும் ஊசியும் ராத்திரிகளும் ஓசியில் வரவில்லை.

கீழேயிருந்து ஒருவர், ஒரே மாதிரிப் பத்துப் போர்வை வேண்டுமென்றாராம். முடியாது என்று சொல்லிவிட்டார். ஊரார் என்ன நிறத்தில் ஜாக்கெட் எடுக்கிறார்களோ அதுதான் அவருக்குக் கிடைக்கும் நிறம். இப்போது ஒரு போர்வை பாதியில் நிற்கிறது. மரத்தில் தொங்கவேண்டிய பழத்துக்கு மஞ்சள் போதவில்லை. தை பிறந்தால் முகூர்த்தம் வரும், பட்டுக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் ஜாக்கெட் குவியும். அந்த இரண்டு மாசம் போர்வையைத் தொட நேரமிருக்காது, பை மட்டும் நிரம்பும் என்றார். பங்குனி வளர்பிறையில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.