கையில் இரண்டு ராஜா

வடநாட்டு நகரங்களில் தீபாவளியை ஒட்டிய இரவுகளில் சீட்டாடுவது நெடுநாள் வழக்கம். இங்கு வாழும் நம் குடும்பங்களிலும் அவ்வழக்கம் மெல்லப் புகுந்துவிட்டது. நம் இல்லங்களில் காசுக்கு மாறாகப் புளியங்கொட்டை. ரம்மிக்கு மாறாக இப்போது பிள்ளைகள் விரும்புவது போக்கர். சங்க மலரில் சீட்டாட்டமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சூதைக் கடிந்து ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே 'வலியறிதல்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். காசு வைத்து ஆடுவதை நாம் ஆதரிக்கவில்லை. இணையத்தில் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடுத்து நாடாளுமன்றம் 2025இல் சட்டமே இயற்றியது. நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது ஒரே ஒரு வினாவை: கையில் வலிய சீட்டு வந்துவிட்டால் அதை எப்படி ஆடுவது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பெயரால் வழங்கும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பின்னர் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக மேசைமீது திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். வரம்பில்லா முறையிலோ, தம்முன் உள்ள அத்தனையையும் ஒரே முறையில் வைத்துவிடலாம். இந்த ஆட்டத்தின் அழகும் அச்சமும் அதுவே.

மறைவான இரண்டும் ராஜாவாக அமைவது 221 முறைக்கு ஒரு முறை. அதற்கு மேற்பட்ட கை ஒன்றே ஒன்று; அது இரண்டு ஏஸ். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் மற்ற எண்மருள் ஒருவரிடம் அது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 4. இத்தகைய கை வந்ததும் புதியவர் மனத்தில் எழும் முதல் எண்ணம், அதை ஒளித்து வைப்பது. சிறிதாக ஆடினால் எல்லோரும் உள்ளே வருவர், நிறைய வாரலாம் என்று தோன்றும். கணக்கு அதற்கு மாறாக உள்ளது. ஏதோ இரு சீட்டுடன் வரும் ஒருவரை எதிர்த்து இரு ராஜா வெல்வது நூற்றுக்கு 82 முறை. அப்படி நால்வர் வந்தாலோ, வெற்றி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். கை மாறவில்லை, எதிர்ப்போர் தொகை மாறியது.

ஆகவே முதலிலேயே உயர்த்துவதே முறை. கட்டாயப் பந்தயம் இரண்டு கொட்டை என்றால் ஆறு வைக்கலாம். முன்னரே சிலர் நுழைந்திருந்தால் இன்னும் கூட்டலாம். ஒருவர் நம்மை மிஞ்சி உயர்த்தினால் நாம் மீண்டும் உயர்த்தலாம். மேசையில் ஒரு சீட்டும் திறக்காத அந்த நிலையில் முழுவதையும் வைக்க நேர்ந்தாலும் இரு ராஜாவுக்குப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது அடுத்த கட்டத்தில். மூன்று சீட்டு திறக்கும்போது அவற்றுள் ஏஸ் ஒன்றேனும் தோன்றுவது நூற்றுக்கு 23 முறை. நம் கையில் ராணி இரட்டை என்றால், அதனினும் பெரிய சீட்டு தோன்றுவது 41 முறை. ஜாக்கி இரட்டை என்றால் 57 முறை. ஏஸ் விழுந்து, எதிரே இருப்பவர் ஒருவரே என்றால், சிறு பந்தயம் கட்டி அவர் மனத்தை அறியலாம். இருவர் மூவர் இருந்து, ஒருவர் கட்ட மற்றவர் தொடர்ந்தால், கவிழ்ப்பதே அறிவு. இன்னும் வரவுள்ள இரண்டு சீட்டில் மூன்றாவது ராஜா வரும் வாய்ப்பு நூற்றுக்கு 8தான். ஆயினும் கவிழ்க்கக் கை எழுவதில்லை. எளிய கையை எவரும் எளிதாக எறிவர். 221 முறைக்கு ஒரு முறை வந்த ராஜாக்களை எறிய யாருக்கு மனம் வரும்? 1976, 1977 ஆகிய ஈராண்டும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டாயில் பிரன்சன் என்பாரின் கையில் கடைசி ஆட்டத்தில் இருந்தவை ஒரு பத்தும் ஒரு இரண்டுமே. ஈராண்டும் அவரை வெல்ல வைத்தவை மேசைமீது விழுந்த சீட்டுகள்.

இதை எழுதுகையில் எம் தந்தையார் நினைவுக்கு வருகிறார். 1967இல் அவர் ஜி.டி. எக்ஸ்பிரசில் தில்லி வந்திறங்கியபோது அவரிடம் இருந்த இரட்டை, தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர். அந்தக் காலத்தில் அது ராஜா இரட்டை. கரோல்பாக்கில் அறை பகிர்ந்து வாழ்ந்த தமிழ் இளைஞர் பலர் கையிலும் அதுவே இருந்தது. அவர் அதை ஒளிக்கவில்லை. வந்த மறுவாரமே தேர்வெழுதி வேலையில் அமர்ந்தார். குடும்பம் முழுவதும் அந்த இரு சான்றிதழில் உண்டது.

தொண்ணூறுகளில் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. மேசையில் ஏஸ் விழுந்துவிட்டது. அவருடைய நண்பர்களுள் சிலர், நம் வேகத்துக்கு எந்தப் பொறி நிகர் என்று தட்டச்சுப் பொறியை விடாமல் ஓய்வு வரை காத்திருந்தனர். ஐம்பதை எட்டிய தந்தையாரோ மாலைதோறும் பள்ளிப் பிள்ளைகள் நடுவே அமர்ந்து கணினி பயின்றார். முப்பதாண்டு பெருமையைக் கவிழ்த்து வைப்பது அவருக்கு எளிதாக இருந்ததில்லை. வீடு திரும்பியதும் சற்று நேரம் யாரிடமும் பேசமாட்டார். ஆனால் மறுநாளும் போனார்.

இன்று எம் கையில் உள்ளவை ஒரு பி.ஏ. பட்டமும் பிழையற்ற ஆங்கிலக் குறிப்பெழுதும் பழக்கமும். கணினியே குறிப்பெழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில் அவற்றின் மதிப்பை மீண்டும் எண்ண வேண்டியுள்ளது. நம் பிள்ளைகள் கையிலோ பொறியியல் பட்டமும் அயல்நாட்டுக் கனவும். வலிய கை அமைந்தால் தயங்காமல் உயர்த்துங்கள் என்று அவர்களுக்குச் சொல்வோம். மேசையில் புதுச் சீட்டு விழுந்ததும், கையில் இருப்பதை விட்டு மேசையைப் பாருங்கள் என்றும் சேர்த்தே சொல்வோம். முன்னதைச் சொல்லித்தர எவரும் உளர். பின்னதை, வாழ்ந்து காட்டிய ஒருவர் இல்லத்தில் இருந்தால் மட்டுமே பிள்ளைகள் நம்புவர்.