ஐந்தரைக்குள் திரும்ப வேண்டும்

காலை எட்டரை மணிக்குக் கப்பல் வாசலில் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவரும் அறை அட்டையை நீட்ட வேண்டும். காவலர் அதைக் கருவியில் வைத்ததும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். இன்னார் கரைக்குப் போயிருக்கிறார் என்று கணக்கில் ஏறிவிடும். மாலையில் திரும்பும்போது மறுபடியும் ஒரு ‘டிங்’. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது கப்பலுக்கு அந்த நிமிடமே தெரியும். நான், என் கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், காரைக்காலிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்த என் மாமியார். ஐந்து பேர், ஐந்து ‘டிங்’. இறங்கும் இடத்தில் வைத்திருந்த பலகையில், மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆறு மணிக்குக் கப்பல் புறப்படும்.

சான் ஹுவானில் கப்பலேறி அது நான்காம் நாள். செயின்ட் தாமஸ், செயின்ட் கிட்ஸ் இரண்டிலும் கடற்கரைக்குப் போனோம், குளித்தோம், திரும்பினோம். அன்று கப்பல் நின்றது குவாதலூப் தீவின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில். பிள்ளைகள் இங்கேயும் கடற்கரைதான் வேண்டும் என்றார்கள். சாந்த்-ஆன் கடற்கரை மணல் சர்க்கரை மாதிரி இருக்கும் என்று பக்கத்து அறைக் குடும்பம் சொல்லியிருந்தது. நான் ஒப்பவில்லை. இந்தப் பயணத்தில் என் பங்குக்கு நான் கேட்டிருந்த ஒரே நாள் இதுதான்.

காரணம் இருந்தது. 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். பிரெஞ்சுக்காரர் கையில் பாண்டிச்சேரியும் காரைக்காலும் இருந்தன. 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு இதே புவாந்த்-அ-பித்ரில் வந்து நின்றது. அதிலிருந்து 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர். எங்கள் வீட்டிலும் ‘கப்பலுக்குப் போனவர்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். அத்தையின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணனோ தம்பியோ. பெயர் யாருக்கும் நினைவில்லை. ரீயூனியனுக்குப் போனாரா, மார்த்தினிக்குக்கா, இங்கேயா என்பதும் தெரியாது. காரைக்கால் துறையில் ஏறினார் என்ற ஒன்று மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

என் கணவரின் கவலை வேறு. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், அது தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போகிறவர்களுக்காகக் காத்திருக்காது. விட்டுவிட்டால் அடுத்த தீவுக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கப்பல் கொடுத்த பட்டியலில் அருவி இருந்தது, ரம் ஆலை இருந்தது, நான் தேடிய, கப்பேஸ்தேர் என்ற ஊரின் மாரியம்மன் கோயில் இல்லை. ஐந்து மணிக்கே திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரைக் கிளப்பினேன்.

துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் சந்தை. ஜாதிக்காய், பட்டை, வெனிலாக் காய் எல்லாம் குவிந்த மேசைகளுக்குப் பின்னால் பெண்கள். அவர்கள் தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட துணிக்குப் பெயர் ‘மத்ராஸ்’. மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக, நம் ஊர்க் கைலியைப் பார்த்தது போல இருந்தது. சென்னைப் பக்கம் நெய்த இந்தத் துணி, கூலிக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வணிகத்தில் இந்தத் தீவுகளுக்கு வந்துவிட்டது. தலைக்கட்டில் எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஒன்று என்றால் மனம் இன்னும் யாரிடமும் போகவில்லை, இரண்டு என்றால் போய்விட்டது, மூன்று என்றால் மணமானவள். அதைக் கேட்டதிலிருந்து என் மகள் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

அத்தை துணியைப் பார்க்கவில்லை. ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார். மஞ்சள் நிறப் பொடி, பொட்டலம் பொட்டலமாக. மேலே ‘கொலொம்போ’ என்று எழுதியிருந்தது. கடைக்காரம்மா ஒரு சிட்டிகை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். அத்தை மோந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். “மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள். வறுத்து அரைச்சிருக்காங்க. மொளகாதான் இல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இது நம்ம கொழம்புப் பொடிம்மா” என்றார். குழம்பு என்ற சொல்லே இங்கே கொலொம்போ ஆயிற்று என்பது பலர் தரும் விளக்கம். கொழும்பு நகரின் பெயர்தான் அது என்பாரும் உண்டு. அத்தைக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. நானும் அத்தை பக்கம்தான்.

எங்களுக்கு வண்டி ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். காரைக்கால் கடைத்தெருவில் பார்த்தால் ஊர்க்காரர் என்றே நினைப்போம். அப்படி நம் முகம். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது என்றார். பிரெஞ்சும் க்ரியோலும் பேசினார், கொஞ்சம் ஆங்கிலமும் வந்தது. அத்தை ஏறி உட்கார்ந்ததும் “போன்ழூர் மெஸ்யே” என்றார். ஓட்டுநர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அத்தையின் அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; பிள்ளைகளுக்கு நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தார். அத்தை ‘அன், தெ, த்ருவா’ என்று தொடங்க, அவரும் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து எண்ணினார். தமிழ் வம்சத்தில் வந்த இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது பிரெஞ்சு எண்கள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

குவாதலூப் வரைபடத்தில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். இரண்டு சிறகுக்கும் நடுவே ரிவியேர் சாலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய். பாலத்தைத் தாண்டினால் மேற்குச் சிறகு. மலையும் மழையும் வாழையும் அந்தப் பக்கம்தான். 1,467 மீட்டர் உயரமுள்ள லா சூஃப்ரியேர் எரிமலை அன்று மேகத்துக்குள் இருந்தது. வாழைக் குலைகளுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். இந்தத் தீவில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் குடும்பப் பெயர்கள். பிரெஞ்சு எழுத்தில், கடைசி அசையை அழுத்தி உச்சரிப்பார்கள். அப்படி ஒரு பெயரைக் கடைப் பலகையில் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்க, அத்தை அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். அதைக் கவனித்துக்கொண்டே வந்த ஓட்டுநர், தன் குடும்பப் பெயரைச் சொல்லி, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அத்தை சொன்னார். அவர் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

கப்பேஸ்தேர் ஊருக்குள் நுழைந்தபோது அவர் ஒரு பெயரைச் சொன்னார்: ஆன்றி சிதம்பரம். 1863-இல் இந்த ஊரில் பிறந்தவர். இங்கே பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904-இல் வழக்காடத் தொடங்கினார். அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்பது 1923-இல்தான் உறுதியாயிற்று. “பிறந்த ஊரிலேயே ஓட்டு இல்லையா?” என்று மகள் கேட்டாள். அவள் அமெரிக்காவில் பிறந்து, பிறந்த அன்றே குடியுரிமை பெற்றவள். பத்தொன்பது வருடம் ஒரு மனிதர் அதற்காகப் போராடினார் என்று சொன்னேன். அந்த எண் அவள் மனத்தில் தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஷான்ஜி கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன. செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம். மாரியம்மன் இங்கே ‘மலியேமென்’. மதுரை வீரன் ‘மால்தேவிலென்’. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களிடம் வந்தார். அவர் க்ரியோலில் சொல்ல, ஓட்டுநர் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். பூசையில் பாடும் பாட்டெல்லாம் தமிழ்தானாம். நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பன் பாட, மகன் காதால் கேட்டுப் படித்தவை. எல்லா வரிக்கும் பொருள் தெரியாது. ஒரு சொல்கூட மாறக் கூடாது என்பது தெரியும். பூசாரி, தப்பு, மத்தளம் என்ற சொற்கள் பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தன. அவையெல்லாம் தமிழ் என்று நான் சொன்னபோது ஓட்டுநர் வியந்து போனார். அவருக்கு அவை கோயில் சொற்கள், அவ்வளவுதான்.

பெரிய பூசை என்றால் உயரமான கம்பம் நட்டுக் கொடி ஏற்றுவோம் என்றார் மூதாட்டி. யாருக்கு என்று கேட்டேன். கடலில் நம்மைக் காப்பாற்றியவருக்கு என்று சொல்லி ஒரு பெயரையும் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். “நாகூர் மீராவா? நாகூர் ஆண்டவரையா சொல்றாங்க?”

அவரைத்தான். நாகூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். கந்தூரிக்கு அத்தை போகாத வருடம் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து கொடிகளைக் கப்பல் வடிவத்தில் செய்த வண்டிகளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். கடலில் போகிறவர்களுக்கு நாகூரார் காவல் என்பது அந்தக் கரை முழுக்க உள்ள நம்பிக்கை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் கிடந்த ஜனங்கள், மாரியம்மனைக் கூப்பிட்ட அதே வாயால் அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கரையேறியதும் மறக்கவில்லை. ஒரு முஸ்லிம் பெரியவருக்கு மாரியம்மன் கோயில் பூசையில், மொழி போன பிறகும், இன்றுவரை கொடி ஏற்றுகிறார்கள். நான் படித்த எந்தச் சரித்திரமும் என்னை இவ்வளவு தொட்டதில்லை.

ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, நாகூரார் கரையிலிருந்தபடியே தம் முகம் பார்க்கும் கண்ணாடியை வீசி அடைத்த கதையை அத்தை சொன்னார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து க்ரியோலுக்கும் போய் அந்தக் கதை மூதாட்டியிடம் சேர்ந்தது. அவருக்குக் கொடி தெரியும், கம்பம் தெரியும், பெயர் தெரியும். கண்ணாடிக் கதை தெரியாது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்.

மதியம் ஒரு சின்னக் கடையில் ஆட்டுக்கறிக் கொலொம்போ சாப்பிட்டோம். கறி பஞ்சு போல வெந்திருந்தது. புளி இல்லை, எலுமிச்சைதான். அத்தை இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

திரும்பும்போது பயந்தது நடந்தது. ஜாரி பக்கம், பாலத்துக்கு முன்னால், வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மணி நாலே முக்கால். என் கணவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். அத்தை மட்டும் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். திடீரென்று, “அவங்களுக்கு எத்தன வருஷம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?” என்று கேட்டார். ஐந்து வருடம் என்றேன். ஒப்பந்தம் ஐந்து வருடம்; முடிந்ததும் செலவில்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்பது கொடுத்த வாக்கு. 42,000 பேரில் திரும்பியவர்கள் பத்தாயிரத்தை எட்டவில்லை. “அப்ப நம்ம வீட்டுலேருந்து போனவரும் வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு” என்றார் அத்தை.

ஐந்தேகாலுக்குத் துறைக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டுநர் இறங்கி, அத்தை சொல்லிக்கொடுத்தபடியே தன் பெயரை ஒரு முறை சொல்லிக் காட்டிவிட்டுக் கைகொடுத்தார். வாசலில் அட்டையை நீட்டினோம். ஐந்து ‘டிங்’. கப்பல் ஆறு மணிக்குச் சரியாகப் புறப்பட்டது. அத்தை மேல்தளத்தில் நின்று, கரை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சாந்த்-ஆன் மணலைப் பற்றிப் பிள்ளைகள் அன்று கேட்கவில்லை.

இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய இந்தக் கப்பல்களில் போகின்றன. உங்கள் கப்பல் புவாந்த்-அ-பித்ரில் நின்றால், கடற்கரைக்குப் போகும் முன் கப்பேஸ்தேருக்கு ஒரு வண்டி பேசுங்கள். முப்பது கிலோமீட்டர் அளவுதான். கையில் யூரோ வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணிக்கே திரும்பக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். நாகூர்க் கண்ணாடிக் கதையை அங்கே இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.