எங்க ஹாலுக்கு வந்த ரெண்டு லெதர் நாற்காலி

 

வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துலதான் நம்ம ஆளுங்க மனசுல உள்ள கேள்வியெல்லாம் வெளியே வரும். நான் தளவாடத் தொழிற்சாலையில சூப்பர்வைசர் என்பதால எங்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணே, சாய்ஞ்சு காலை நீட்டிக்கிற லெதர் நாற்காலி, அந்த ரிக்லைனர், வாங்கலாமா? மாட்டுத் தோலாச்சே, சாமி இருக்கிற வீட்டுல வைக்கலாமா?" நின்னுக்கிட்டே பாதிப் பதில் சொல்றதை விட முழுசா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

சாஸ்திரம் சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. அதைக் குருக்கள் ஐயாகிட்ட கேட்டுக்குங்க. ஆனா தோல்னாலே நமக்கு ஆகாதுன்னு ஒரே வார்த்தையில முடிக்க முடியாது. சிவபெருமான் புலித்தோல் உடுத்தியவர். கீதையில ஆறாம் அத்தியாயம், தியானம் செய்யறவங்க ஆசனத்தைப் பத்திச் சொல்லும்போது தர்ப்பை, தோல், துணி மூணையும் சொல்லுது. நம்ம கோயில் கச்சேரியில கேட்டு உருகுற மிருதங்கத்துல மாட்டுத் தோலும் இருக்கு, ஆட்டுத் தோலும் இருக்கு. அதே சமயம் பசுவைத் தாயா கும்பிடறவங்களும் நாமதான். ரெண்டும் சேர்ந்ததுதான் நம்ம வீடு. எங்க வீட்டுல இது எப்படி வந்து எப்படி முடிஞ்சதுன்னு சொல்றேன். உங்க வீட்டுக்கு எது பொருந்துமோ எடுத்துக்குங்க.

மூவார் தளவாடத்துக்குப் பேர் போன ஊர்னு உங்களுக்குத் தெரியும். அங்கே இருபது வருஷத்துக்கு மேல சோபாவுக்கு உறை வெட்டித் தைக்கிற பகுதியில இருக்கேன். தோல் முழுசா சுருளா வரும். மேசை மேல விரிச்சா அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கையே தெரியும். முள்வேலி கிழிச்ச கோடு, உண்ணி கடிச்ச புள்ளி, சூடு போட்ட அடையாளம், கழுத்துச் சுருக்கம். அதையெல்லாம் குறிச்சுவிட்டு, ஒதுக்கி வெட்டுறதுதான் எங்க வேலை. கடையில நீங்க பார்க்கும்போது ஒரு வடுவும் இருக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு எங்க பெரியவன் ரெண்டு லெதர் ரிக்லைனர் வாங்கிட்டு வந்தான். ஒண்ணு அவங்க அப்பாயிக்கு, ஒண்ணு எங்களுக்கு. வேலையில முதல் போனஸ். லோரி வந்து வாசல்ல நிக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லல. பிள்ளை ஆசையா செஞ்சது. எங்க அம்மாவுக்கு வயசு 78. முட்டி தேய்ஞ்சு போச்சு, சாயங்காலம் ஆனா ரெண்டு காலும் வீங்கிடும். உட்காரும்போது காலைத் தூக்கி வைக்கணும்னு கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தாரு. ஸ்டூல் மேல தலகாணி வச்சு சமாளிச்சுக்கிட்டு இருந்தோம். அதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கான்.

அம்மா வந்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாங்க. மோந்து பார்த்தாங்க. "இது என்னாப்பா தோலு?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. மாட்டுத் தோலும்மான்னேன். "அது தானா செத்துச்சா?"ன்னாங்க. இல்லம்மான்னேன். இறைச்சிக்கு அறுக்கிற மாட்டுத் தோல்தான் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வருது. அதை மறைச்சு அவங்களை உட்கார வைக்க எனக்கு மனசு வரல. அவங்க ஒண்ணும் சொல்லல, போய் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் அந்த ரிக்லைனர் பக்கமே வரல.

பழைய காலத்து ஆளுங்க அப்படித்தான்னு என் சின்னவ சொன்னா. அவளுக்குத் தெரியாத கதை ஒண்ணு இருக்கு. ஜொகூர் பக்கம் தோட்டத்துல, லயத்து வீட்டுக்குப் பின்னால, அம்மா ஒரு பசு வளர்த்தாங்க. பேரு லெட்சுமி. விடியக்காலை மரம் வெட்டப் போறதுக்கு முன்னாடி பால் கறந்து வச்சுட்டுத்தான் போவாங்க. என் பள்ளிக்கூடச் செலவும் எஸ்.பி.எம். பரீட்சைக் கட்டணமும் அந்தப் பால் காசு. லெட்சுமி வயசாகி செத்தப்ப அப்பா குழி வெட்டிப் புதைச்சாரு, அம்மா மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க. அப்படிப்பட்டவங்க ஒரு மாட்டோட தோல் மேல உட்கார மாட்டேன்னா, அது நன்றி. மூட நம்பிக்கைன்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. அதை என் மனைவிகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க. "சாஞ்சு காலை நீட்டி உட்கார்றது துரைங்கதான்." தோட்டத்துல பங்களா வராந்தாவுல நீளக் கை வச்ச சாய்வு நாற்காலி கிடக்கும். துரை அதுல கால் நீட்டிக் கிடப்பாரு. சம்பளத்துக்குப் போறவங்க படிக்குக் கீழே நிப்பாங்க. எழுபத்தெட்டு வயசுலயும் அந்தக் காட்சி அவங்க கண்ணை விட்டுப் போகல.

சரி, காலும் வீங்குது, நாற்காலியும் சும்மா கிடக்குது. என்ன செய்யறது? திருப்பிக் கொடுத்தா பேரன் மனசு உடையும். கட்டாயப்படுத்தினா அம்மா மனசு உடையும்.

எனக்கு ஒண்ணு தெரியும். சாய்மான நாற்காலிக்குத் தோல் அவசியமே இல்ல. 1928ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து மன்றோங்கிற ஊர்ல, எட்வர்ட் நபுஷ், எட்வின் ஷூமேக்கர்னு ரெண்டு உறவுக்காரங்க ஒரு சாய்வு நாற்காலி செஞ்சாங்க. லேசி பாய் கம்பெனி அவங்க ஆரம்பிச்சதுதான். அந்த முதல் நாற்காலி வெறும் மரச் சட்டம். மெத்தையும் உறையும் பிறகு வந்தது. சாயறதும் கால் தூக்கறதும் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தோட வேலை. மேலே என்ன உறை போட்டாலும் அது சாயும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி ஒண்ணைத் திருப்பிப் போட்டேன். முதுகுப் பகுதியைக் கழட்டி, ஸ்டேப்பிள் ஊசியெல்லாம் பிடுங்கி, தோலை மட்டும் உரிச்சேன். அதையே அளவா வச்சு, கெட்டியான துணியில புது உறை வெட்டினேன். அரக்கு நிறம், அம்மாவுக்குப் பிடிச்சது. தையல் பகுதியில உள்ள ஒரு அக்கா தைச்சுக் கொடுத்தாங்க. துணிக்கும் தையலுக்கும் சேர்த்து முந்நூறு வெள்ளிக்குள்ள ஆச்சு.

உரிச்ச தோலை என்ன செய்யறதுன்னு வச்சிருந்தப்ப அம்மா வந்தாங்க. "குப்பையில போட்டுடாதப்பா. அது ஒரு உசுரு"ன்னாங்க. வேணாம்னு சொன்னதும் அவங்கதான், தூக்கிப் போடக்கூடாதுன்னு சொன்னதும் அவங்கதான். இருபது வருஷம் தோலை வெட்டுறேன், எனக்கு அந்த வார்த்தை தோணினதில்ல. மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன். இன்னொரு நாற்காலியில கை வைக்கிற இடம் தேய்ஞ்சப்ப அதுல ஒரு துண்டை வெட்டித்தான் ஒட்டுப் போட்டேன்.

ரெண்டாவது நாற்காலி இன்னும் லெதர்தான். அதையும் மாத்தட்டுமான்னு கேட்டேன். "நான் உட்கார மாட்டேன்னுதானே சொன்னேன், உங்களையா சொன்னேன்?"ன்னுட்டாங்க. இப்ப ஒரே ஹால்ல ஒண்ணு துணி, ஒண்ணு தோல். அம்மா சாயங்காலம் கால் தூக்கி வச்சு முரசு கேட்கிற மாதிரி குறட்டை விடுறாங்க. வீக்கம் முன்னை விடக் குறைவு. முதல் நாள் சாய்ஞ்சப்ப, "பாருடா, துரையம்மா ஆயிட்டேன்"னு சிரிச்சாங்க. என் மனைவி அடுப்பங்கரைக்குப் போய் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தா.

இனி, வாங்கப் போறவங்களுக்குச் சில விஷயம்.

முதல்ல, சாமி மேடை. நம்மில் நிறைய பேர் வீட்டுல மேடை ஹால்லதான், டி.வி. பக்கத்துலயே இருக்கும். ரிக்லைனரை டி.வி.யைப் பார்த்துப் போட்டா, கால் பகுதி எழும்பும்போது பாதம் நேரா சாமியைக் காட்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டாரு. நாங்க டி.வி.யை எதிர்ச் சுவருக்கு மாத்தினோம். வாங்கறதுக்கு முன்னாடியே தரையில நின்னு, கால் எந்தப் பக்கம் நீளும்னு பாருங்க. பின்னாலயும் சுவருக்கு இடைவெளி வேணும், இல்லன்னா சாயும்போது இடிக்கும்.

அடுத்தது, லெதர்னு எழுதியிருந்தா முழுக்கத் தோல்னு அர்த்தமில்ல. 'ஹாஃப் லெதர்'னா உடம்பு படுற இடத்துல மட்டும் தோல், பக்கமும் பின்னாலயும் பி.வி.சி. 'பான்டட் லெதர்'னா தோல் தூளையும் துணுக்கையும் ஒட்டி மேலே பூச்சு பூசினது. பி.யூ.ன்னா துணி மேல பிளாஸ்டிக் படலம், மாடே கிடையாது. தோல் வேண்டாம்கிறவங்களுக்கு அது சரி. ஆனா நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரக் காத்துக்கும் மலிவான பி.யூ. சில வருஷத்துல தோல் உரிஞ்ச பாம்பு மாதிரி ஆயிடும். சந்தேகம் இருந்தா நாற்காலிக்கு அடியில வெட்டு விளிம்பைப் பாருங்க. பின்பக்கம் துணி நெசவு தெரிஞ்சா அது தோல் இல்ல. பஞ்சு மாதிரி நார் தெரிஞ்சா தோலா இருக்கலாம், பான்டடா இருக்கலாம், அதைக் கடையில வாய் விட்டுக் கேட்டுக்குங்க.

நம்ம நாட்டுல பன்றி, நாய் உடம்புப் பாகத்துல செஞ்ச பொருளுக்கு அதைக் குறிப்பிட்டு லேபிள் போடணும்னு 2013ல விதி வந்துச்சு. அந்த விதி மாட்டைப் பத்திப் பேசாது. மாடா, எருமையான்னு நாமதான் கேட்கணும். கேட்கிறதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

பராமரிப்பு சுலபம். ஜன்னல் வெயில் படக்கூடாது. வேர்வை பட்டா ஈரத் துணியால துடைச்சு, காய்ஞ்ச துணியால ஒத்தணும். பூட்டிக் கிடக்கிற அறையில வச்சா பூஞ்சக்காளான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வச்ச தலை சாயற இடத்துல ஒரு துண்டு போடுங்க. எண்ணெய் தோல்ல இறங்கினா கறுத்துடும். குங்குமம் வெளிர் நிறத் தோல்ல பட்டா போகவே போகாது.

பிள்ளைங்க விஷயத்துல ரொம்பக் கவனம். கால் பகுதிக்கும் இருக்கைக்கும் நடுவுல இருக்கிற இரும்புக் கத்திரி விரலை நசுக்கிடும், தவழுற குழந்தை உள்ளே மாட்டிக்கும். எழுந்தா உடனே மடக்கிடணும். மோட்டார் வச்சதுன்னா பிளக்கைப் பிடுங்கிடுங்க. பெரியவங்க கால் பகுதி எழும்பி இருக்கும்போதே இறங்கக்கூடாது, நாற்காலி முன்னால கவிழும்.

இன்னொண்ணு, நாள் முழுக்க அதுலயே கிடக்கக்கூடாது. சுகமா இருக்குன்னு விட்டா இருக்கிற கால் பலமும் போயிடும். எங்க அம்மாவை மணிக்கு ஒரு தடவை எழுப்பி வாசல் வரைக்கும் நடக்க வைக்கிறோம். திட்டிக்கிட்டேதான் நடப்பாங்க.

நாற்காலி வந்த பிறகு ஹால்ல பாய் விரிக்க இடம் குறைஞ்சிடுச்சு. ரெண்டும் கனம், தள்ள முடியாது. முன்னே எல்லாரும் தரையில ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம், பேசுவோம். இப்ப ஆளுக்கொரு நாற்காலி, கையில ஆளுக்கொரு போன்னு ஆகிடப் பார்த்துச்சு. அதனால காபி மேசையை எடுத்து அறையில போட்டுட்டோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பாய் விரிச்சு ஒரு தேவாரம். முட்டி வலி உள்ளவங்க மட்டும் நாற்காலியில, மடக்கி வச்சு, கால் கீழே. மத்தவங்க எல்லாரும் தரையில. போனஸ் வாங்கினவனும் தரையிலதான்.

அதனால லெதர் வாங்கலாமான்னு கேட்டா, என் பதில் இதுதான்: கடைக்காரர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி, அதுல உட்காரப் போற பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. என்ன தோல்னு மறைக்காம சொல்லுங்க. அவங்க வேண்டாம்னா ஏன்னு உட்கார்ந்து கேளுங்க, பிள்ளைங்களையும் கூட வச்சுக்கிட்டு. எங்க சின்னவ லெட்சுமி கதையை முழுசாக் கேட்டது அப்பத்தான்.

துணி உறை மாத்த நினைக்கிறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு என்னைப் பாருங்க. அளவு எப்படி எடுக்கணும்னு சொல்லித் தர்றேன். இந்த வாரம் அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் குறைவு, அஞ்சு மணிக்கே வந்தா ரெண்டு வேலையும் முடியும்.

எல்லாருக்கும் இறைவன் நல்ல உடம்பையும் நல்ல மனசையும் கொடுக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.